விழுப்புரம் போகிற வண்டி

1992 ஆவணியில் யமஹா ஆர்எக்ஸ் 100 வாங்கிய அன்று சாயங்காலமே புதுச்சேரி நேரு வீதியில் ஒரு லாங் சைஸ் நோட்டும் வாங்கினேன். ஸ்கேல் வைத்து ஆறு பத்தி கோடு போட்டேன்: தேதி, மீட்டர், பெட்ரோல், ஆயில், ரிப்பேர், போன இடம். கடைசிப் பத்தி எதற்கென்று அன்றைக்கு எனக்கே தெரியாது. ஐந்து பத்தி போட்ட பிறகும் தாளில் இடம் மிச்சம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த நோட்டு தீர்ந்து இன்னொன்று, அதுவும் தீர்ந்து இன்னொன்று என்று இப்போது நாலு நோட்டு சேர்ந்துவிட்டது. ஓட்டி முடித்த வண்டி இரண்டுதான். முப்பத்து மூன்று வருஷத்துக்கு இரண்டே வண்டி. கணக்கு வாத்தியார், அதிலும் பெட்ரோல் போட்டதைக்கூட எழுதி வைக்கிற வாத்தியார் என்பதால் பள்ளிக்கூடத்தில் வருஷத்துக்கு இரண்டு பேராவது கேட்டுவிடுவார்கள்: "எத்தினி வருஷத்துக்கு ஒருதரம் சார் வண்டிய மாத்தணும்?" ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொரு பதில் சொல்லியிருக்கிறேன். அந்தந்தச் சமயத்தில் நான் செய்து முடித்துவிட்ட காரியத்துக்கு முட்டுக்கொடுக்கிற பதில்கள்தான் எல்லாம்.

அப்பாவிடம் இதைக் கேட்டிருந்தால் கேள்வியே அவருக்குப் புரிந்திருக்காது. முதலியார்பேட்டை ரோடியர் மில்லில் அவருக்கு வேலை. ஏ.எஃப்.டி. என்பதெல்லாம் காகிதத்தில் உள்ள பெயர். ஊர் வாயில் அது ரோடியர்தான். வேலைக்குச் சேர்ந்த வருஷம் வாங்கிய ஹெர்குலிஸ் சைக்கிளில்தான் கடைசி ஷிப்டு வரைக்கும் போனார். டயர், ட்யூப், செயின், பெடல், சீட், முன் சக்கரம், அப்புறம் பின் சக்கரம், ஒரு தீபாவளிக்கு ஹாண்டில்பார் என்று ஒவ்வொன்றாக மாறியது. ஃபிரேமும் மணியும் மட்டும் மிச்சம். "சைக்கிள் மாத்தினீங்களாப்பா?" என்று கேட்டால், "எதுக்கு? இதான் நல்லா இருக்குதே" என்பார்.

எங்கள் முத்தியால்பேட்டைத் தெருவில் ஒரு சொல்தா தாத்தாவும் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டு அந்த நாட்டுப் பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். பிராங்கில் பென்ஷன் வந்துகொண்டிருந்த மனிதர், நினைத்திருந்தால் புல்லட்டே வாங்கியிருக்கலாம். அவர் ஓட்டியது சுவேகா மொபெட். திருப்பதியில் செய்த வண்டி. தொழில்நுட்பம் மட்டும் பிரான்சின் மோட்டோபெகான் கம்பெனியுடையது. தாத்தா அதைச் சுவேகா என்று ஒருநாளும் சொன்னதில்லை. "மொபிலெத்" என்பார், ஏதோ மர்செய் துறைமுகத்திலிருந்து நேராக வந்து இறங்கியது மாதிரி. அந்த வண்டியின் இன்ஜின் கடைசி வரை ஓடியது. ஏதோ ஒரு சின்ன ரப்பர் பாகம் பாண்டியிலும் கிடைக்கவில்லை, மெட்ராஸிலும் கிடைக்கவில்லை; அதற்காகவே திண்ணை ஓரம் சாக்குப் போட்டு மூடி நிறுத்தினார். மோட்டோபெகான் 1980களில் நொடித்துப் போய் யமஹாவின் கைக்குப் போனது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். நான் யமஹா வாங்கியபோது தாத்தா இருந்திருந்தால், வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொந்தம் கொண்டாடியிருப்பார்.

யமஹாவைப் பற்றி நான் எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 98 சிசி, இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோல் ஒரு தொட்டியில், 2டி ஆயில் இன்னொரு தொட்டியில். பம்ப் தானாகவே கலந்து அனுப்பும். கலக்கிற வேலை நமக்கில்லை, ஊற்றுகிற வேலை மட்டும் உண்டு. இது பின்னால் முக்கியமாகப் போகிறது. கடற்கரைச் சாலையில் காந்தி சிலை தாண்டி ஆக்ஸிலேட்டரை ஒரு திருகு திருகினால் எழும் சத்தத்துக்கு, கட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலை கொறிப்பவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்ப்பார்கள். இருபத்தெட்டு வயதுக்காரனுக்கு வேறென்ன வேண்டும்.

1999-ல் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. எங்கள் புதுச்சேரி மாநிலம் ஒட்டாத நாலு துண்டு என்பது பள்ளிக்கூடத்தில் பாடமாகப் படிக்கும்போது வேடிக்கையாக இருக்கும். அரசு வேலையில் சேர்ந்த பிறகுதான் அந்தத் துண்டுகளுக்கு இடையே உள்ள தூரம் உறைக்கும். கடலூர், சிதம்பரம், கொள்ளிடம், சீர்காழி, தரங்கம்பாடி என்று தமிழ்நாட்டைத் தாண்டிப் போய் மறுபடி நம் மாநிலத்தில் இறங்க வேண்டும். சுமார் 130 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை யமஹாவிலேயே வந்து போனோம். மகளுக்கு அப்போது ஆறு வயது. பெட்ரோல் டாங்க் மேல் துண்டை மடித்துப் போட்டு உட்கார வைத்துவிடுவேன்.

2002 தீபாவளி லீவுக்கு ஊருக்கு வந்துகொண்டிருந்தோம். இருட்டிவிட்டது, தூறல் வேறு. புதுச்சத்திரம் தாண்டுகிற சமயம் சத்தம் திடீரென்று கரகரத்தது. அடுத்த நொடி பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தோம். சாலையோரப் புல்லில் போய் நின்றது வண்டி. உதைத்தால் கிக்கர் இறங்கவேயில்லை. மனைவி ஒன்றும் பேசாமல் குழந்தையின் தலையில் முந்தானையைப் போட்டு நின்றாள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு காலி லாரி நின்றது. டிரைவரும் கிளீனரும் வண்டியைத் தூக்கி உள்ளே படுக்க வைத்தார்கள். "பண்டிகை நேரத்துல பச்சப் புள்ளயோட நிக்கிறீங்களே சார்" என்று டிரைவர் சொன்னார். கேட்காமலே முருங்கப்பாக்கம் வரை கொண்டுவந்து இறக்கிவிட்டார். பணம் வாங்கவில்லை.

தீபாவளிக்கு மறுநாள், முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் ஷெட் வைத்திருக்கிற மெக்கானிக் பாய், ஹெட்டைக் கழற்றிப் பிஸ்டனைக் கையில் எடுத்தார். நகத்தால் கீறியது மாதிரி நெடுக வரி. ஆயில் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார். விரல் காய்ந்தே வெளியே வந்தது. என்னைப் பார்த்தார்.

"ஆயிலே இல்ல சார்."

ஆயில் வாங்கியிருந்தேன். காரைக்கால் வீட்டு ஜன்னல் திட்டில் டப்பா சீல் உடைக்காமல் இருக்கிறது. புறப்படுகிற அவசரத்தில் ஊற்றவில்லை.

"வீட்ல இத சொல்ல வேணாம் பாய்" என்றேன். அவர் சிரிக்கவில்லை என்பதற்காகவே இன்றுவரை வேறு மெக்கானிக்கிடம் நான் போனதில்லை.

வீட்டில் வேறு கதை சொன்னேன். வண்டிக்குப் பத்து வயசு ஆகிவிட்டது, கம்பெனியே 1996-ல் ஆர்எக்ஸ் 100 செய்வதை நிறுத்திவிட்டான், இனிமேல் நம்பி வெளியூர் போக முடியாது, நாலு ஸ்ட்ரோக் வண்டிதான் குடும்பத்துக்குச் சரி. நோட்டில் ரிப்பேர் பத்தியில் 'பிஸ்டன் தேய்மானம்' என்று எழுதினேன். நாலு நோட்டிலும் சேர்த்து நான் எழுதிய பொய் அது ஒன்றுதான். சிலிண்டரை ரீபோர் செய்து புதுப் பிஸ்டன் போட்ட பிறகு வண்டி முன்னைவிட நன்றாகவே ஓடியது. ஆனால் சொன்ன கதையைக் காப்பாற்ற வேண்டுமே. 2003-ல் குருசுக்குப்பத்துப் பையன் ஒருவனுக்கு 7,000 ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு ஸ்பிளெண்டர் வாங்கினேன். அந்த யமஹாவை இன்று பாலிஷ் போட்டு நிறுத்தினால் லட்ச ரூபாய் கொடுக்க ஆள் இருக்கிறது.

இந்த ஊரில் அதை மறக்கவும் முடியாது. பலமுறை முதல்வராக இருந்த எங்கள் ரங்கசாமி தேர்தல் நாளில் திலாசுப்பேட்டை வாக்குச்சாவடிக்குத் தன் யமஹாவில்தான் வந்து ஓட்டுப் போடுவார். டிவியில் அதைக் காட்டாமல் விட மாட்டார்கள். ஒரு தேர்தலன்று முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பார்த்த என் மனைவி, "அவரு வண்டி நல்லாத்தான ஓடுது. நம்ம வண்டி மட்டும் எப்பிடிங்க பத்து வருஷத்துல தேஞ்சிது?" என்று கேட்டாள். நான் சேனலை மாற்றினேன்.

ஸ்பிளெண்டர் வந்த பிறகு எனக்கு வேலை பாகூரில். போக வர நாற்பத்தைந்து கிலோமீட்டர். அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், அப்புறம் வயலும் ஏரியும். ஸ்பிளெண்டரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லாததுதான் அதன் சிறப்பு. உதைத்தால் கிளம்பும், பெட்ரோல் கேட்காது, சத்தம் போடாது. எட்டு வருஷம் அப்படியே ஓடியது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்ததில் வேப்பங்கிளை விழுந்து பின் மட்கார்டு நசுங்கியது. ஊர் முழுக்க மரங்கள் விழுந்து கிடந்த நேரத்தில் ஒரு மட்கார்டை யார் கணக்கில் எடுப்பார்கள்? ஆனால் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். ஒன்பதாவது வருஷம் நடக்குது, மாத்துங்க சார், மாத்துங்க சார்.

சரி, கணக்கே சொல்லட்டும் என்று பன்னிரண்டாம் வகுப்பில் பெருமம், சிறுமம் நடத்தும்போது இதையே கரும்பலகையில் போட்டேன். வண்டி விலை 42,000. விற்றால் 6,000. ஆக, போவது 36,000. ரிப்பேர் முதல் வருஷம் 400 ரூபாய். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் 800 கூடும், அதாவது 1,200, 2,000, 2,800 என்று ஏறும். எத்தனையாவது வருஷம் மாற்றினால் வருஷத்துக்கு ஆகும் சராசரிச் செலவு சிறுமம்?

அழகான கணக்கு. வண்டியை அதிக நாள் வைத்திருக்க வைத்திருக்க அந்த 36,000 அதிக வருஷங்களுக்குப் பங்காகி வருஷச் செலவு குறையும். ரிப்பேரின் சராசரியோ வருஷத்துக்கு 400 வீதம் ஏறும். இறங்குகிற கோடும் ஏறுகிற கோடும் சந்திக்கும் இடத்தில் விடை. வகையிட்டுப் பூஜ்யத்துக்குச் சமப்படுத்தினால் தொண்ணூறின் வர்க்கமூலம்: ஏறக்குறைய ஒன்பதரை. என் வண்டிக்கு ஒன்பது நடந்துகொண்டிருந்தது. மாற்றிவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் ஷோரூம் வரைக்கும் போய்விட்டேன்.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், எப்போதும் விடை வந்த பிறகும் பேனாவை மூடாத ரகம், எழுந்து நின்றாள்.

"சார், ஒம்போது போட்டாலும் பத்து போட்டாலும் வருஷத்துக்கு 7,600 தான் சார் வருது."

"ஆமா, விடை நடுவுல இருக்கே."

"ஏழு போட்டா 7,943 சார். பதிமூணு போட்டா 7,969. வித்தியாசம் முந்நூத்தி சொச்சம்தான். நாளைக்கு ஒரு ரூபா. அதுக்கு எதுக்கு சார் கணக்கு?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்து, "உக்காரு" என்றேன். ஆனால் அன்று சாயங்காலம் கிருமாம்பாக்கம் வரும் வரை அவள் சொன்னதைத்தான் மனசுக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டு வந்தேன். சிறுமப் புள்ளியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். அந்தப் புள்ளியைச் சுற்றி வளைகோடு எவ்வளவு தட்டையாகக் கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. ஏழாம் வருஷத்துக்கும் பதின்மூன்றாம் வருஷத்துக்கும் நடுவே பாகூர் ஏரி கோடையில் வற்றிக் கிடப்பது மாதிரி ஒரே மட்டமாக இருந்தது அந்தப் பள்ளம். அதற்குள் எங்கே இறங்கினாலும் முழங்கால் அளவு சேறுதான். காசைக் காரணம் காட்டி ஏழாம் வருஷம் மாற்றுகிறவனும், காசைக் காரணம் காட்டிப் பதின்மூன்று வருஷம் ஓட்டுகிறவனும் ஒரே அளவு பொய் சொல்கிறார்கள்.

கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, சொல்லிவிடுகிறேன். எந்த வருஷம் விற்றாலும் 6,000 என்று நான் வைத்தது சோம்பேறித்தனம். இன்ஷூரன்ஸ்காரர்களின் அட்டவணை வேறு மாதிரி இறங்கும்: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம் கழிவு, ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, அப்புறம் 30, 40, ஐந்தாம் வருஷம் முடிய 50. அதற்கு மேல் போனால் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். சீக்கிரம் விற்றால் கூடக் காசு வரும் என்பதைச் சேர்த்துப் போட்டுப் பார்த்தேன். பள்ளத்தின் அடி இடது பக்கம், சீக்கிரம் மாற்றுகிறவர்கள் பக்கம் நகர்ந்தது.

பள்ளம் தட்டையாக இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். என் அக்கா மகன் மெடிக்கல் ரெப். காலையில் திண்டிவனம், மத்தியானம் விழுப்புரம், மறுநாள் கடலூர், பண்ருட்டி. நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. நாலே வருஷத்தில் லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிடும். அவன் வண்டி வழியில் நின்றால் அன்றைய டாக்டர் சந்திப்பெல்லாம் போச்சு. "மாமா, எனக்கு வண்டி நிக்கிறதுதான் செலவு, ரிப்பேர் இல்ல" என்பான். நாலு வருஷத்துக்கு ஒன்று என்று மாற்றிவிடுகிறான். சரிதான். கிலோமீட்டரை வைத்துப் பேசலாமே என்றால், நம் ஊரில் பழைய வண்டிகளில் பாதிக்கு மீட்டர் கேபிள் அறுந்து மாதக்கணக்காகும். என் நோட்டிலேயே இரண்டு வருஷத்துக்கு மீட்டர் பத்தி காலியாக இருக்கிறது.

பாய்க்கு மீட்டரும் வேண்டாம், ஆர்.சி.யும் வேண்டாம். அவருடையது ஊர்க் கணக்கு.

"எந்த வண்டியும் வாங்கும்போது மெட்ராஸ் வண்டி சார். கூப்புட்டா மெட்ராஸ் போவீங்க. அப்புறம் விழுப்புரம் வண்டி ஆவும். அப்புறம் வில்லியனூர் வண்டி. கடைசில பெரிய மார்க்கெட் வண்டி. வண்டிக்காரன் வந்து, ஓடுது பாய், ஆனா வில்லியனூர் தாண்டிப் போறதில்லன்னு சொல்றான் பாருங்க, அன்னிக்கு நான் சொல்லிடுவேன், குடுத்துடுன்னு."

மெட்ராஸ் 150 கிலோமீட்டருக்கு மேல், விழுப்புரம் நாற்பது, வில்லியனூர் பத்து. பெரிய மார்க்கெட்டுக்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு இரண்டரை. இந்தக் கடைசி ரகத்தின் மேல்தான் பாய்க்குக் கோபம். நிறைய ஓட்டினால் வண்டி கெடும் என்று எல்லோரும் நினைக்கிறோம். அவர் ஷெட்டுக்கு வரும் பாதி வண்டிகள் ஓட்டாததால் கெட்டவை. இரண்டு கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தினால் இன்ஜின் சரியாகச் சூடே ஆவதில்லை. புகையோடு வரும் நீராவி வெளியே போகாமல் சைலன்ஸருக்குள்ளேயே தண்ணீராக நின்றுவிடும். உள்ளே அந்தத் தண்ணீர், வெளியே கடல் காற்று. வைத்திக்குப்பம், சோலை நகர்ப் பக்கத்து வண்டிகளின் சைலன்ஸர் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி உடையும். ஸ்போக்ஸ் கம்பியைத் தொட்டால் கையில் மஞ்சள் ஒட்டும். "தோசைக்கு மாவு வாங்க வண்டிய எடுக்காதீங்க, நடந்து போங்க" என்று பாய் சொல்லாத வாடிக்கையாளர் கிடையாது. என் மனைவி இதை முழு மனதோடு ஆமோதிப்பாள்.

2014-ல் எனக்கு ஊருக்குள்ளேயே ஒரு பள்ளிக்கு மாற்றல் கிடைத்தது. நாற்பத்தைந்து கிலோமீட்டர் ஆறு கிலோமீட்டராகச் சுருங்கியது.

2017 மார்ச் கடைசியில் ஒரு கூத்து நடந்தது. பழைய புகை விதியான பிஎஸ் 3-ன்படி செய்த வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 29-ம் தேதி சொன்னது. மறுநாள் காலை ஷோரூம்களில் ரேஷன் கடைக் கூட்டம். பத்தாயிரம் தள்ளுபடி, அதற்கும் மேலே என்று ஆளுக்கொரு கதை. வாட்ஸ்அப்பில் பார்த்துவிட்டு நானும் ஆதார் ஜெராக்ஸோடு போனேன். டோக்கன் கொடுத்தார்கள். என் முறை வந்தபோது மிச்சம் இருந்தது ஒரு ரோஸ் கலர் ஸ்கூட்டர். எனக்கு முன்னால் நின்றவர் அதையும் வாங்கிவிட்டார். யாருக்கு என்று கேட்டதற்கு, "தெரியல சார், பாப்போம்" என்றார். அவரை நான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்த வருஷம் ஆர்.சி.க்குப் பதினைந்து வயது முடிந்தது. சொந்த வண்டிக்கு முதல் பதிவு பதினைந்து வருஷம், அப்புறம் சோதனை செய்து ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. பதினைந்தோடு சட்டப்படி வண்டி செத்துவிடுகிறது என்று நினைத்து வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். நான் சேசிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்து, படிவத்தோடு வண்டியைக் கொண்டு நிறுத்தினேன். ஆய்வாளர் ஹாரன் அடித்துப் பார்த்தார், பிரேக் பிடித்துப் பார்த்தார், விளக்கு, இண்டிகேட்டர் பார்த்தார். "ஒரே ஓனரா?" என்று கேட்டார். ஆமாம் என்றபோது ஏதோ முதல் ராங்க் வாங்கியது மாதிரி எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. 2023-ல் மறுபடி புதுப்பித்தேன். அதற்குள் கட்டணம் 300-லிருந்து 1,000 ஆகியிருந்தது. காகிதத்தில் வண்டிக்கு 2028 வரை ஆயுசு.

ஃபெஞ்சல் புயல் அதைக் கேட்கவில்லை. 2024 நவம்பர் 30 இரவு வண்டி ரெயின்போ நகரில் மகள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. 24 மணி நேரத்தில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ராணுவம் படகில் வந்து ஆட்களை ஏற்றியது. விடிந்து மாடியிலிருந்து பார்த்தபோது தண்ணீருக்கு மேலே ஸ்பிளெண்டரின் இரண்டு கண்ணாடிகள் மட்டும் தெரிந்தன, மூழ்குகிறவன் கையைத் தூக்கிக் காட்டுவது போல. தெரு முழுக்க அப்படி எத்தனையோ கண்ணாடிகள்.

தண்ணீர் வடிந்ததும் பாய்க்குப் போன் போட்டேன். "உதைக்காதீங்க! உதைக்காம தள்ளினு வாங்க!" என்று கத்தினார். அவர் ஷெட் வாசலில் நாற்பது ஐம்பது வண்டி வரிசையில் நின்றது. தண்ணீர் போன இன்ஜினை உதைத்தால் கனெக்டிங் ராடு வளையலாம் என்று தெரியாமல் உதைத்துக் கெடுத்தவை அதில் பாதி. என் முறை பத்து நாள் கழித்து வந்தது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றினார். கீழே போல்ட்டைத் திறந்ததும் ஆயில் டிகிரி காப்பி நிறத்தில் இறங்கியது. டீசல் விட்டு அலசினார். புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓட்டி, அதையும் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினார். நாலாவது உதையில் வண்டி இருமியது, ஆறாவதில் கிளம்பியது. செலவு 3,850. அந்த மூன்றாவது பெஞ்சுப் பெண் கேட்டால் என்ன சொல்லுவாளோ என்று நினைத்தபடி நோட்டில் எழுதினேன்.

அப்போதுதான் ஆறாவது பத்தி கண்ணில் பட்டது. செலவைக் கூட்ட வேண்டும் என்று பின்னோக்கிப் புரட்டிக்கொண்டு போனவன், போன இடத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டேன். மெட்ராஸ், கடைசியாக 2009. விழுப்புரம், 2015 ஆவணி. கடலூர், 2019-ல் ஒரு கல்யாணம். வில்லியனூர், 2023 மாசி. அதற்குப் பிறகு பக்கம் பக்கமாக மார்க்கெட், மகள் வீடு, மார்க்கெட், பேங்க், மார்க்கெட். கடலூருக்கு அதற்கப்புறம் நாலைந்து முறை போயிருக்கிறேன். வெயில், மழை, பஸ்ஸில் சாய்ந்து தூங்கலாம் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. பாய் சொன்ன அத்தனை படிக்கட்டும் வரிசை மாறாமல் என் கையெழுத்திலேயே இருந்தது.

நோட்டைக் கொண்டுபோய் அவரிடம் காட்டினேன். "பெரிய மார்க்கெட் வண்டி ஆயிடுச்சு பாய். நீங்க சொன்ன மாதிரி குடுத்துட வேண்டியதுதான்."

அவர் நோட்டைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றார்.

மூன்றாம் நாள் போனேன். சக்கரத்தில் செம்மண் காய்ந்திருந்தது.

"மச்சான் வீட்டுக்கு விழுப்புரம் போயிட்டு வந்தேன் சார். போவ வர எங்கயும் நிக்கல. அம்பது, அம்பத்தஞ்சுல அப்பிடியே போவுது." துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "வண்டி இன்னும் விழுப்புரம் வண்டிதான் சார்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த அதே பார்வை.

உதைக்கிற வண்டி அது. 2003 ஸ்பிளெண்டரில் செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது. என் வலது முழங்கால் கொரோனா காலத்திலிருந்தே சரியில்லை. குளிர்காலக் காலையில் வண்டி மூன்று உதை கேட்கும். மூன்றாவது உதைக்கு எனக்குக் கண்ணில் நீர் வந்துவிடும். கேட்டுக்கு வெளியே தள்ளிக்கொண்டுபோய், மனைவி பார்க்காத இடத்தில் நிறுத்தி, இடது காலால் உதைக்கப் பழகியிருந்தேன். கடலூர் போய் இறங்கித் திரும்பக் கிளம்பும்போது, நாலு பேர் பார்க்க, இடது காலால் உதைக்க வேண்டும். பஸ்ஸில் போனதற்குக் காரணம் அதுதான். இருட்டில் எதிரே வரும் வண்டியின் எல்இடி விளக்கு கண்ணைக் குத்துவதும் உண்டு. அதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஸ்பிளெண்டரைப் பாயே எடுத்துக்கொண்டார். படிவம் 29, 30 எல்லாம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விலை பேசவில்லை, அவர் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். பட்டனை அழுத்தினால் கிளம்புகிற ஸ்கூட்டர் ஒன்று எனக்கு வாங்கினேன். அக்கா மகன் பார்த்துவிட்டு, "சூப்பர் மாமா, பழசு அவ்ளோதானா?" என்றான். ஆமாம், இருபத்திரண்டு வருஷமாச்சு, புயல் தண்ணி வேற என்று சொல்ல வாய் வந்தது. மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

அவன் போன பிறகு சொன்னேன். "வண்டி நல்லாத்தான் இருக்கு. பாய் விழுப்புரம் போயிட்டு வந்தாரு. எனக்குத்தான் உதைக்க முடியல."

"தெரியும்" என்றாள். "எடது காலால ஒதைக்கிறத மாடிலேந்து பாத்துட்டுத்தான இருக்கேன்."

ஸ்கூட்டரின் சீட்டைத் தூக்கி உள்ளே எவ்வளவு காய்கறி கொள்ளும் என்று பார்த்தாள். பிறகு, "புதுச்சத்திரத்துல நின்ன அன்னிக்கும் வண்டி நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள்.

நான் பேசவில்லை.

"லீவு முடிஞ்சு திரும்பிப் போறோம், காரக்கா வீட்டு ஜன்னல்ல ஆயில் டப்பா சீல் ஒடைக்காம அப்பிடியே ஒக்காந்துனு இருக்கு. நீங்க பாத்தா சங்கடப்படுவீங்களேன்னு எடுத்து அடுப்பங்கரைல வச்சேன். கொல்லக் கதவு, கெணத்து உருள, தையல் மிஷினு, எல்லாத்துக்கும் ரெண்டு வருஷம் அதத்தான் விட்டேன்."